பாண்டியனின் சிலம்பும் அரச சட்டவாதியும்



ஊர்காவற்றுறைத் துறையில் நின்று காரைநகர்ப் பக்கம் பார்ப்பவர்களுக்குக் கடலின் நடுவே ஒரு சிறு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் குடிதண்ணீர் இல்லாமற் போனதால் ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. பன்றித் தொடையின் குதிக்கால் என்று பொருள்படும்படி ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இலங்கையின் படத்தை அவர்கள் ஒரு பன்றித் தொடையாகக் கண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் சுருக்கமாகக் கடற்கோட்டை என்றார்கள். பிற்காலத்தில் அது சிறைச்சாலையாக இருந்தது. இன்று கடற்படையினர் நடத்தும் விருந்தினர் விடுதியாக இருக்கிறது.

தீவகத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் வள்ளம் ஓட்டியவர்கள். சிறைக்கூடம் ஒன்று அவர்களுடைய பாதையிலேயே இருந்தது. ஆயினும் உள்ளே போனவனுக்குப் பின்பு என்ன நடக்கிறது என்பது கரையில் நின்றவர்களுக்குத் தெரியாது. தீர்ப்புச் சொன்னவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் நாமும் எண்ணிக்கொள்கிறோம். பத்திரிகையும் அந்த நாளோடு செய்தியை நிறுத்திவிடும். உண்மையில் அதன் பின்பு வேறொரு வேலை தொடங்குகிறது. தண்டிக்கப்பட்டவன் மேன்முறையீடு செய்கிறான். அவனுக்கு எதிரே, அரசின் சார்பில், ஒருவர் எழுந்து நிற்கிறார். முன்பு அவரை முடிக்குரிய சட்டவாதி என்றார்கள். 1972இல் நாடு குடியரசானபின் அரச சட்டவாதி என்கிறார்கள். அவருடைய வேலை என்ன, அது எப்படி உண்டாயிற்று, தீவகத்தாராகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இந்த வாரம் பார்ப்போம்.

இலக்கியத் தொடரில் இதற்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். இடமுண்டு. தமிழ் இலக்கியத்தின் பெருங் காட்சிகளுள் ஒன்று, தண்டனை நிறைவேறிய பின்பு நடக்கும் வழக்கு விசாரணைதான். கோவலன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். கண்ணகி எஞ்சிய ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் சபைக்கு வந்தாள். அங்கே அவள் வைத்தது ஒரு சான்றுப் பொருள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். இங்கே நாம் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சொன்னவன் பாண்டியனே. அதை மறைத்திருக்கலாம், மழுப்பியிருக்கலாம். அவன் உள்ளதைச் சொன்னான். சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைத்தான். அரசு தன் சான்றைத் தானே திறந்து காட்டிய இடம் அது. ஆனால் காலம் கடந்துவிட்டது. கோவலன் இல்லை.

ஈழத்திலே கண்ணகி வழக்குரை என்ற பெயரிலேயே ஒரு நூல் கோயில்களிற் படிக்கப்பட்டு வருகிறது. நமது புங்குடுதீவிலும் கண்ணகை அம்மனுக்குக் கோயிலுண்டு. ஆகவே இந்த வழக்கு நமக்குப் புதியதன்று.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு கதையும் உண்டு. பூதத்தம்பியின் கதை. வைபவமாலையிலும் கூத்து மேடையிலும் வாழ்ந்து வந்த கதை. அந்திராசி என்பவன் பூதத்தம்பியின் மனைவி அழகவல்லிமீது தகாத ஆசை கொண்டான். அவள் அவனை அவமானப்படுத்தினாள். பழிவாங்க எண்ணிய அந்திராசி, வெற்றுத் தாளிலே பூதத்தம்பியின் கையெழுத்தைத் தந்திரமாக வாங்கி, அதில் ஒல்லாந்தருக்கு எதிராகப் பறங்கிகளுக்கு எழுதியதுபோல் ஒரு கடிதத்தை எழுதிக் காட்டினான். விசாரணை நீளவில்லை, பூதத்தம்பி கொல்லப்பட்டான். மைத்துனன் கொழும்புக்குப் போய் மேலிடத்தில் முறையிட்டான். மேலிடம் அந்திராசியை அழைத்தது. அவன் வழியில் யானையால் மடிந்தான் என்று கதை முடிகிறது.

இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்பது வேறு விடயம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658இலேயே அவர்களுக்கெதிராக ஒரு சதி வெளிப்பட்டதையும், பலர் கொடூரமாகக் கொல்லப்பட்டதையும் அக்காலத்தில் இங்கிருந்த பல்தேயஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். மக்கள் அந்த நிகழ்ச்சியைக் கதையாக்கியபோது அதில் ஒரு முறையீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். கீழே நடந்த அநியாயத்தை மேலே ஒருவர் கேட்கவேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. நீதிமன்றம் செய்யாததை யானை செய்தது என்று முடித்ததில் அந்த ஏக்கம் நிறைவேறவில்லை என்ற உண்மையும் இருக்கிறது.

ஆங்கிலேயர் வந்தார்கள். 1801ஆம் ஆண்டுச் சாசனத்தால் உயர் நீதிமன்றம் அமைந்தது. 1811ஆம் ஆண்டுச் சாசனத்தால் யூரி முறை வந்தது. பெருங்குற்றங்களை ஒரு நீதியரசரும் யூரிமாரும் விசாரித்தார்கள். பிற்காலத்து ஒழுங்கின்படி யூரிமார் எழுவர். அவர்களில் ஐவர் ஒத்துக்கொண்டாற் போதும், தீர்ப்பு செல்லும். இந்த ஏற்பாட்டிலே ஒரு விநோதம் இருந்தது. சிறு குற்றத்துக்காகப் பொலிஸ் நீதிமன்றத்தில் தண்டம் கட்டும்படி விதிக்கப்பட்டவன் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். யூரியினால் குற்றவாளியாகக் காணப்பட்டுத் தூக்குக்கு விதிக்கப்பட்டவனோ இலங்கையில் எந்த நீதிமன்றத்துக்கும் போகமுடியாது. தேசாதிபதியின் கருணையை வேண்டலாம். பணமிருந்தால் கடல் கடந்து இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தில் விசேட அனுமதி கேட்கலாம். நெடுந்தீவில் மாடு வளர்த்தவனோ நயினாதீவில் வலை போட்டவனோ இலண்டன் வரை வழக்காடுவதெப்படி?

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். அங்கே அதை மாற்றிய வழக்குகளுள் ஒன்று அடோல்ஃப் பெக் என்பவருடையது. வேறொருவன் செய்த மோசடிகளுக்காக, ஆள் அடையாளத்தைச் சாட்சிகள் பிழையாகக் காட்டியதால், 1896இல் அவர் சிறை சென்றார். 1904இல் அதே பிழை மறுபடியும் நடந்தது. உண்மையானவன் அகப்பட்ட பின்பே பெக் தப்பினார். 1907இல் குற்றவியல் மேன்முறையீட்டுச் சட்டம் அங்கே நிறைவேறியது. இலங்கை மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பின் கடைசிக் கட்டத்தில் கொழும்பில் ஒரு வழக்கு நாட்டையே கதைக்க வைத்தது. 1933 ஒக்டோபரில் டஃப் ஹவுஸ் என்ற மாளிகையில் ஒரு சீமாட்டி குளோரபோம் நஞ்சினால் இறந்து கிடந்தார். கணவர் ஸ்ரீபன் செனிவிரத்ன கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டார். 1934இல் யூரி அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு ஆயுட் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவருக்கு வசதி இருந்தது. கோமறைக் கழகம் வரை போனார். 1936இல் அக்கழகம் தீர்ப்பைத் தள்ளி அவரை விடுவித்தது.

அந்தத் தீர்ப்பிலே அரச தரப்பு வழக்கறிஞரின் கடமையைப் பற்றி ஒரு விதி சொல்லப்பட்டது. வழக்கின் கதை முழுமையாக விரிவதற்கு எந்தச் சாட்சி இன்றியமையாததோ அந்தச் சாட்சியை அரச தரப்பு அழைக்கவேண்டும். அவருடைய சாட்சியம் அரச தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, பாதகமாக இருந்தாலும் சரி என்பதே அதன் கருத்து. நேயர்களே, பாண்டியன் தன் சிலம்பைத் தானே கொண்டுவரச் செய்ததை இங்கே எண்ணிப் பாருங்கள். இலங்கை நீதிமன்றங்களில் இந்த விதி இன்றைக்கும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டாயிற்று. அன்றிலிருந்து, தூக்குத் தண்டனை பெற்ற ஏழைக்கும் தன் நாட்டிலேயே ஒரு மேல்வாசல் கிடைத்தது. முடிக்குரிய சட்டவாதிகளுக்கும் புதியதொரு வேலை கிடைத்தது.

அந்த வேலை விளக்க நீதிமன்றத்து வேலையைப் போன்றதன்று. அங்கே சாட்சிகள் வருவார்கள், குறுக்கு விசாரணை நடக்கும், ஊர்ச்சனம் கூடி நிற்கும். மேன்முறையீட்டிலே சாட்சி வருவதில்லை. அநேகமாக எல்லாம் காகிதம்தான். தட்டச்சு செய்த விசாரணைப் பதிவு, கட்டுக் கட்டாக மேசையில் இருக்கும். எதிர்த்தரப்பு, நீதிபதி சான்றைப் பிழையாக மதிப்பிட்டார், ஏற்கத் தகாத சாட்சியத்தை ஏற்றார், நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையிற் போட்டார் என்று காரணங்களை அடுக்கும். அரச சட்டவாதி ஒவ்வொன்றுக்கும் பதிவின் பக்கத்தைத் திறந்து பதில் சொல்லவேண்டும்.

சட்டத்திலே இன்னொரு ஏற்பாடும் உண்டு. விசாரணையிற் பிழை நடந்திருந்தாலும், அதனால் நீதி தவறவில்லை என்று மேல் நீதிமன்றம் கண்டால் மேன்முறையீட்டைத் தள்ளிவிடலாம். அரச தரப்புக்கு இது பெரிய துணை; பெரிய சோதனையும் கூட. எந்தப் பிழையையும் இது சிறு பிழை என்று சொல்லிக் கடந்துபோக மனம் தூண்டும். எது சிறு பிழை, எது ஒருவனுடைய வாழ்நாளைத் தின்ற பிழை என்பதை அரச சட்டவாதி முதலில் தனக்குத்தானே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தண்டனை நிலைக்க முடியாது என்று கண்டால், அதை ஆதரிக்க என்னால் இயலாது என்று நீதிமன்றத்திற் சொல்லும் உரிமை அவருக்குண்டு. கடமையும் உண்டு.

சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் இங்கே உயிரோடு தொடர்புடையது என்பதற்கு ஒரு சான்று. 1958இல் மரண தண்டனை இடைநிறுத்தப்பட்டிருந்தது. 1959 செப்டெம்பரில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தபின், அந்தத் தண்டனையை முன்தேதியிட்டு மீட்கும் சட்டத்தை அரசு அவசரமாகக் கொண்டுவந்தது. 1961இல் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. சுட்ட சோமராம தேரர் கொலைக்காகவும், புத்தரக்கித தேரரும் எச். பி. ஜயவர்த்தனவும் கொலை செய்யச் சதி செய்ததற்காகவும் தண்டிக்கப்பட்டனர். 1962 சனவரியில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய சட்டத்தின் வாசகத்தை ஆராய்ந்தது. கொலைக்குத் தூக்கை மீட்ட சட்டம், கொலைச் சதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே இருவரின் தூக்கு ஆயுட் சிறையாக மாறியது. சோமராம மட்டும் 1962 யூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். நாட்டின் பிரதமரையே கொன்ற வழக்கு. மக்கள் கொதித்துப் போயிருந்த நேரம். அப்போதும் நீதிமன்றம் எழுதப்பட்ட சொல்லுக்கு அப்பாற் போகவில்லை.

அதே 1962இல் நடந்த இராணுவச் சதி முயற்சி வழக்கிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. அந்த எதிரிகளுக்கென்றே சட்டம் செய்து, விசாரித்து, 1965இல் பதினொருவரைத் தண்டித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லாது என்று கூறி அனைவரையும் விடுவித்தது. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டம் இயற்றுவது நீதித்துறையின் அதிகாரத்திற் கைவைப்பதாகும் என்பது அதன் முடிவு.

இப்போது மறுபடியும் நமது கடற்கோட்டைக்கு வருவோம். 1971இல் கிளர்ச்சி நடந்தது. ஜே. வி. பி. தலைவர் றோகண விஜேவீரவும் வேறு கைதிகளும் இந்தக் கடற்கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தெற்கே பிறந்த சிங்கள இளைஞர்கள் தீவகத்துக் கடலின் நடுவே காவலில் இருந்தார்கள். அதே 1971இல் கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி மூடப்பட்டது. 1972இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் அமைந்தன. வழமையான நீதிமன்றம் ஏற்காத குற்ற ஒப்புதல்களை அவை ஏற்றுக்கொள்ளலாம். அவை விதித்த தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது.

பூதத்தம்பியின் காலம் போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1938இல் திறந்த வாசல் ஒரு பகுதியாருக்கு மறுபடி மூடப்பட்டது. எழுந்து நின்று பதில் சொல்ல அங்கே அரச சட்டவாதிக்கு ஒரு மேல்மன்றமே இல்லை. சொன்னதே முடிவு. 1977இல் ஆட்சி மாறியபோது ஆணைக்குழுச் சட்டம் நீக்கப்பட்டது, தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அவர்களுள் யார் குற்றவாளி, யார் அல்லர் என்பது ஒரு மேல்மன்றத்தின் முன் ஆராயப்படாமலே அரசியலால் தீர்க்கப்பட்டது. தண்டித்ததிலும் விடுவித்ததிலும் பதிவைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இன்றுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அமைத்தது. 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஒழுங்குகளை வகுத்தது. மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் பதினான்கு நாட்களுக்குள் மனுக் கொடுக்கவேண்டும். சிறையில் இருப்பவர் சிறைச்சாலை அத்தியட்சகர் மூலமாகவே அதைக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். அரச தரப்பிலும் மேன்முறையீடு உண்டு. விடுதலை பிழை என்றோ தண்டனை போதாது என்றோ சட்டமா அதிபரும் மேலே போகலாம். 1975 முதல் 1988 வரை அந்தச் சட்டமா அதிபர் பதவியில் சிவா பசுபதி என்ற தமிழரே இருந்தார்.

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தின் சிறு வழக்குகள் யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடாகப் போகும். யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றம் விதித்த பெருந்தண்டனை கொழும்புக்கு, புதுக்கடைக்குப் போகும். அங்கேதான் நமக்குரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வடக்கிலே சாட்சியம் தமிழிற் பதியப்படுகிறது. புதுக்கடையின் மேல்மன்றங்களில் வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. இடையிலே மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனை உதாரணம்தான். நெடுந்தீவுக் கிழவி ஒருத்தி, மைமல் நேரத்தில் படலையடியில் நின்று அவனைக் கண்டேன் என்று சாட்சி சொல்கிறாள். மைமல் என்றால் நமக்குத் தெரியும்: இருள் முற்றாகக் கவியவில்லை, முகம் மட்டுமட்டாகத் தெரியும். படலை என்றால் வேலியிலுள்ள வாசல். வீட்டுக் கதவுக்கும் அதற்கும் இடையில் முற்றம் முழுவதும் கிடக்கிறது. மொழிபெயர்ப்பில் மைமல் இரவாகிவிட்டால் கிழவி பொய் சொன்னவளாவாள். பின்னேரமாகிவிட்டால், அவளால் தெளிவாகக் காண முடியாததைக் கண்டவளாவாள். படலை கதவாகிவிட்டால் இருபது யார் தூரம் காணாமற் போகும். ஒருவனைச் சிறையில் வைப்பதா வெளியே விடுவதா என்பது அந்த இருபது யாரிலே தங்கியிருக்கலாம். அடோல்ஃப் பெக்கைச் சிறைக்கு அனுப்பியதும் ஆளடையாளப் பிழைதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தமிழ்ப் பதிவை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அரச தரப்பில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது இதனாற் புரியும்.

மொழி ஒருவரை என்ன செய்யும் என்பதற்குக் கற்பனை இல்லாத உதாரணமும் உண்டு. மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் 1993இற் பிடிக்கப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதலில் அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே. அச்சட்டத்தின்படி, ஒப்புதல் வலிந்து பெறப்பட்டது என்பதை நிரூபிக்கவேண்டியவர் எதிரியே. 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து தண்டனையை முப்பத்தைந்து ஆண்டாகக் குறைத்தது. 2000இல் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவின் கருத்துக்கு இலங்கையிற் சட்ட வலு இல்லை என்று முடிவுசெய்தது. மேன்முறையீடு இருந்தது, எல்லாப் படிகளும் ஏறப்பட்டன. ஆனால் முதற் சான்றாகிய ஒப்புதலைச் சட்டமே காத்து நின்றதால், மேல்மன்றம் திறந்து பார்க்கக்கூடிய சிலம்பு மிகச் சிறியதாயிருந்தது.

நேயர்களே, தீவகத்திலே வேறு விதமான துயரமும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பலரை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வழக்கே இல்லாத இடத்தில் மேன்முறையீட்டைப் பற்றிப் பேசுவதெப்படி? ஆண்டுதோறும் நெடுந்தீவில் விளக்கேற்றுகிறார்கள். திறந்து பார்க்க ஒரு பதிவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, அதே மே மாதத்தில், 2015ஆம் ஆண்டு, புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி ஒருத்தி வன்முறைக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தீவகமே எழுந்தது. சில நாட்களில் யாழ்ப்பாணத்து நீதிமன்றக் கட்டடத் தொகுதி மீது கல்வீச்சு நடந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்தக் கோபம் விளங்காததன்று. வழக்கில்லாமற் போன குமுதினியை நினைவில் வைத்திருந்த மக்கள் அவர்கள். எனினும் வழக்கு ஊர்காவற்றுறை நீதவான் முன் தொடங்கி, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்தின் முன் யாழ்ப்பாணத்திலேயே, தமிழிலேயே நடந்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஒன்பது எதிரிகளில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் விடுவிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார்கள். இத்தகைய தீர்ப்பாயத்தின் முடிவைக் குறைந்தது ஐந்து நீதியரசர்கள் கேட்கவேண்டும் என்பது சட்டம்.

அவர்களுக்கு எதற்கு மேன்முறையீடு என்று ஊரிலே கேட்டவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் அப்படித்தான் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த இருவரின் விடுதலையிலேயே இருக்கிறது. ஊர் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்றது. சான்று எழுவரைத்தான் காட்டியது என்று நீதிபதிகள் கண்டார்கள். எழுவர் மீதான சான்றும் மறுபடி ஒருமுறை ஐவர் கண்ணில் படட்டும். அரச சட்டவாதி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பதில் சொல்லட்டும். அதன் பின்பும் நிற்கும் தீர்ப்பை, கோபத்திற் சொன்னது என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. கொல்லப்பட்ட பிள்ளைக்கும் அதுதான் மரியாதை.

அப்படி நின்ற ஒரு தீர்ப்புக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 2015 யூனில் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வேறு நால்வர் விடுவிக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பை உறுதிசெய்தார்கள். தமிழ் மக்களைக் கொன்ற அரச படையினர் ஒருவருக்கு எதிராக, அரச சட்டவாதிகளே நின்று வாதாடிக் காத்த தீர்ப்பு அது. 2020 மார்ச்சில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு கையெழுத்தால் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஐந்து நீதியரசர்கள் காரணங்களோடு எழுதியதை ஒரு வரி நீக்கியது. மன்னிப்பளிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதற்கும் வரையறைகள் உண்டு. 2024இல் உயர் நீதிமன்றம் வேறு இரண்டு கொலை வழக்குகளில் வழங்கப்பட்ட சனாதிபதி மன்னிப்புகளை ரத்துச் செய்தது. மன்னிப்புக்கும் காரணம் காட்டவேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்று வருகிறது.

மேன்முறையீட்டுக்கும் மன்னிப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகும். மன்னிப்பு பூட்டிய அறையில் நடக்கிறது. மேன்முறையீடு திறந்த மன்றில் நடக்கிறது. அங்கே தண்டிக்கப்பட்டவன் பேசலாம், அரசு பதில் சொல்லவேண்டும், நீதியரசர்கள் காரணம் எழுதவேண்டும், நாளைக்கு யாரும் அதை எடுத்து வாசிக்கலாம். இலங்கையில் 1976இன் பின்பு எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே இன்று மேன்முறையீட்டில் பிழை கண்டால் விடுவிக்க ஆள் உயிரோடு இருக்கிறான். கோவலனுக்கும் பூதத்தம்பிக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

இந்த வேலையைச் செய்யும் அரச சட்டவாதியின் பெயர் ஊருக்குத் தெரியாது. தண்டனையைக் காத்தால் கைதியின் குடும்பம் அவரைச் சபிக்கும். பிழையை ஒத்துக்கொண்டால் இறந்தவரின் குடும்பம் சபிக்கும். இருவருக்கும் நடுவில், தட்டச்சுச் செய்த காகிதக் கட்டோடு அவர் நிற்கிறார். அவர் நேர்மையானவராயிருந்தால், மதுரைச் சபையில் பாண்டியன் செய்ததைத்தான் செய்வார். தன் பக்கத்துச் சிலம்பில் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதை, யாரும் உடைக்குமுன், தானே எடுத்து முன்வைப்பார்.

அடுத்த முறை ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடல் கடக்கும்போது, நேயர்களே, அந்தக் கோட்டையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கேட்பதற்கு ஒரு மேல்மன்றம் இல்லாத மனிதர்கள் அங்கே இருந்தார்கள்.